மூணு இன்ச்சு எதுக்கு கண்ணு?

காரிலிருந்து கழற்றிப் போட்ட சைலென்சர் பைப்பு ஷெட்டின் தரையில் கிடந்தது. பெரியப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் வாயில் மூன்று விரலை விட்டு அகட்டிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, உன்ற வண்டி எத்தன எச்பி?”

“நூத்திப் பத்துங்க பெரியப்பா.”

“நூத்திப் பத்துக்கு மூணு இன்ச்சு எதுக்கு கண்ணு?”

என்னிடம் பதில் இல்லை. ஐந்து மாதம் அந்தப் பைப்பை வண்டிக்கு அடியில் சுமந்திருந்தேன். என் வண்டியில் டர்போ உண்டு, வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற சக்கரம். “பெருசா இருந்தாத்தான் டர்போ மூச்சு விடும்” என்று மாட்டிக் கொடுத்த கடையில் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது, நம்பினேன்.

பெரியப்பா நாற்பது வருடம் சூலூர், பல்லடம், பொங்கலூர் பக்கமெல்லாம் போர்வெல் மோட்டார் இறக்கியவர். கார் எஞ்சின் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு குழாய்க்குள் ஏதோ ஓடுகிறது என்றால், அது எங்கே தடைபடும், எந்த வளைவில் எவ்வளவு இழக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். “லைனு பெருசாப் போட்டா உராய்வு கொறையும், அது நெசந்தான். ஆனா ஒரு அளவுக்கு மேல போனா காசுதான் போவும். மோட்டாரு குடுக்கறதுதானே தண்ணி” என்றார். டர்போ வண்டிக்கு சைலென்சர் மாற்றுவதைப் பற்றி அதற்கு முன் ஆறேழு மாதம் நான் பார்த்த வீடியோக்கள் எதுவும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

என் வண்டி பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ. 1.0 டிஎஸ்ஐ, 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ் (குதிரைத்திறன்), 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல் இழுவை), ஆறு கியர் மேனுவல். நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே முழு டார்க்கும் கைக்கு வந்துவிடும். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு லாரியைத் தாண்டுவதற்கு கியர் குறைக்க வேண்டியதே இல்லை. 2022ல் இந்தியாவில் போலோ தயாரிப்பே நின்றுபோனது. அதனால் இதை விற்கிற எண்ணம் எனக்கு இல்லை, இதிலேயே பல வருடம் ஓட்டப் போகிறேன் என்ற முடிவோடுதான் எதையும் செய்கிறேன்.

குறையாகத் தோன்றியது ஒன்றே ஒன்று, சத்தம். செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல் திறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். ரேஸ் நாட்களில் அந்த 2.1 கிலோமீட்டர் சுற்றில் எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டிகள் போவதை வேலி ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது ஸ்விஃப்ட் எஞ்சின்தான், டர்போ கிடையாது, ஆனாலும் அந்தக் கீச்சுக் குரல் மெயின் ஸ்ட்ரெய்ட்டில் நீண்டுகொண்டே போகும்போது உடம்பு சிலிர்க்கும். அந்தக் குரலைத்தான் என் போலோவிடம் எதிர்பார்த்தேன். அது கிடைக்கவே கிடைக்காது என்பதைப் பைப்பு வாங்குவதற்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் கிடைக்காது? டர்போ இல்லாத எஞ்சினில், வால்வு திறந்ததும் பாய்ந்து வரும் ஒவ்வொரு புகை அலையும் கூர்மை மழுங்காமல் பைப்பின் கடைசிவரை வருகிறது. டர்போ வண்டியில் அந்த அலை முதலில் ஒரு காற்றாடியின் மீது மோத வேண்டும். பெரியப்பாவுக்கு நான் சொன்னது, “நீங்க இறக்கற பம்ப்பத் தலைகீழா ஓட்டற மாதிரி”. பம்ப்பில் சுழலி தண்ணீரைத் தள்ளும், டர்பைனில் புகை சுழலியைத் தள்ளும். 900 டிகிரியைத் தாண்டிய சூட்டோடு வரும் வாயு, சின்ன டர்போக்களில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தன் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அங்கேயே கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் வெளியே போகிறது. சத்தம் என்பதும் அழுத்த அலைதானே. ஆக, வண்டியின் முதல் சைலென்சரே டர்பைன்தான்.

உலகத்தின் மிகப் பெரிய ரேஸிலேயே இது நடந்தது. 2014ல் ஃபார்முலா 1 வி8 எஞ்சினை விட்டு 1.6 லிட்டர் வி6 டர்போவுக்கு மாறியபோது, வண்டிகள் ஊமையாகிவிட்டன என்று ரசிகர்கள் புலம்பினார்கள். அந்த வருடம் மே மாதம் பார்சிலோனா டெஸ்ட்டில் மெர்சிடிஸ் ஒரு பெரிய நாதஸ்வர அணைசைப் போல விரிந்த வாயைப் பின்னால் மாட்டி ஓட்டிப் பார்த்தது. பெரிய வித்தியாசம் வரவில்லை, கைவிட்டார்கள். 2016ல் வேஸ்ட்கேட்டுக்கு, அதாவது மிச்சப் புகையை டர்பைனுக்குள் விடாமல் வெளியே விடுகிற கதவுக்கு, தனிக் குழாய் வைக்க வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள், டர்பைன் வழியாகப் போகாத புகையாவது சத்தமாக வரட்டும் என்று. அத்தனை பொறியாளர்கள் கூடியும் டர்பைன் விழுங்கிய குரலை முழுசாகத் திரும்ப வாங்க முடியவில்லை என்றால், என் தெருவோரக் கடையில் வளைத்த பைப்பு என்ன செய்துவிடும்?

அது செய்தது வேறு. மாட்டிய அன்று ராத்திரி அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று போனேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று சிலிண்டருக்கே உரிய கரகரப்பு கூடியிருந்தது. மறுநாள் சேலம் போனேன். ஆறாவது கியரில், 2,400 சுற்றை ஒட்டி முள் நிற்கும்போது, காருக்குள் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் எழுந்து அப்படியே நின்றது. உள்கண்ணாடி நடுங்கியது. பின்னால் வரும் லாரி கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மனைவி சங்ககிரி தாண்டியதும் காதைப் பொத்திக்கொண்டாள். சேலத்தில் இறங்கியபோது இரண்டு பேருக்கும் தலைவலி.

இதற்கு ட்ரோன் என்று பெயர். ஏன் அந்த இடத்தில் மட்டும் வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று, ஆக நொடிக்கு 60 துடிப்பு. அதே வேகத்தில் ஓடும் நான்கு சிலிண்டரில் 80 துடிப்பு. 60 ஹெர்ட்ஸ் என்பது காதைவிட நெஞ்சில் உணர்கிற சத்தம், ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் கூடு அதற்குத் தலையாட்டிக் கூடவே அதிரும். சிறிய மூன்று சிலிண்டர் வண்டியில் சைலென்சரைக் கழற்றுகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் நண்பரின் வண்டியில் நன்றாக ஒலித்த அதே மஃப்ளர் (சத்தத்தை அடக்கும் பெட்டி) நம் வண்டியில் வேறு மாதிரி ஒலிக்கும்.

கடைக்குத் திரும்பப் போனேன். பின்னால் இன்னொரு மஃப்ளர் சேர்த்தார்கள், உள்ளே ஓட்டை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார். மேல்ஸ்தாயி கரகரப்பு அடங்கியது. ரீங்காரம் அப்படியே இருந்தது. நார் அடைத்த மஃப்ளர் உயர்ந்த அலைவரிசைகளைத்தான் நன்றாக உறிஞ்சும், 60 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளை அது கண்டுகொள்வதே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏமாற்றினார் என்று சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வெல்டிங் ஓரங்களில் செம்மண் நிறத்தில் துரு கசிந்தது. துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி வாங்கியது. அதன் பிறகுதான் கழற்றிப் போட்டேன், பெரியப்பா விரலை விட்டுப் பார்த்தார்.

இனி கணக்குக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் மிச்சமாவது இங்கேதான்.

டர்பைன் எவ்வளவு வேலை செய்யும் என்பது அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. வித்தியாசம் அல்ல, விகிதம். ஓர் உதாரணம்: டர்பைனுக்குப் பின்னால் 1.2 பார், முன்னால் 2.4 பார் என்று வைப்போம். விகிதம் இரண்டு. பின்னால் இருக்கும் அழுத்தத்தை 1.1 ஆகக் குறைத்தால், அதே விகிதத்துக்கு முன்னால் 2.2 போதும். பின்னால் 0.1 குறைத்ததற்கு முன்னால் 0.2 குறைந்தது. பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்பது அந்த முன்பக்க அழுத்தம்தான். அதனால்தான் டர்போ வண்டியில் பின்பக்கத் தடையைக் குறைப்பதற்குச் சாதாரண வண்டியைவிட மதிப்பு அதிகம். “கொஞ்சம் பேக் ப்ரெஷர் இருந்தாத்தான் எஞ்சினுக்கு நல்லது” என்கிற பழைய பேச்சும் இங்கே செல்லாது. டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் பார்த்து அமைத்தால், ஒரு சிலிண்டரின் அலை அடுத்ததன் புகையை இழுத்துவிடும். அங்கேகூட உதவுவது அலையின் நேரம்தான், தடை அல்ல. டர்பைனுக்குப் பின்னால் அந்த ஆட்டமே முடிந்துவிட்டது, அங்கே தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அப்படியென்றால் மூன்று இன்ச்சுதானே சரி என்று நீங்கள் கேட்கலாம், நானும் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் வாயாலேயே ஒரு கணக்கைச் சொன்னார், பம்ப்புக்காரர்கள் தினமும் போடுகிற கணக்கு. ஒரே அளவு ஓட்டத்துக்கு, உராய்வு இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்மாறாகப் போகும். இரண்டு இன்ச்சுப் பைப்பில் இழப்பு 100 என்றால், இரண்டே கால் இன்ச்சில் 55. இரண்டரையில் 33. மூன்றில் 13. முதல் கால் இன்ச்சிலேயே கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு அளவும் மிச்சம் இருப்பதில் கொஞ்சத்தைத்தான் குறைக்கிறது. அந்த 100 என்பதே, 110 குதிரைத்திறன் எஞ்சின் விடுகிற புகைக்கு, மொத்தத் தடையில் ஒரு சின்னப் பங்கு. 300 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்று இன்ச்சு நியாயம். எனக்கு அது வேகத்தடையில் இடிக்கிற இரும்பு, அவ்வளவுதான்.

பெரியப்பா அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். “லைன்ல எங்க அடைப்புன்னு தெரியாம எதுக்கு கண்ணு பைப்ப மாத்தற? கேஜு வெச்சுப் பாக்கோணும்.”

வைத்துப் பார்த்தோம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த மரையில் ஒரு நிப்பிள் பொருத்தி, சூடு ஆறுவதற்காக ஒரு மீட்டர் செம்புக் குழாய் கொடுத்து, சின்ன அளவுகளைக் காட்டும் ஒரு கேஜை உள்ளே இழுத்து வைத்தோம். செக் எஞ்சின் விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம். கம்பெனியில் வந்த ஒரிஜினல் சைலென்சரைத் திரும்ப மாட்டி, மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தேன். பெரியப்பா கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் கொஞ்சம்தான் எழுந்தது. மூன்று இன்ச்சை மாட்டியும் பார்த்தோம், அதைவிடக் குறைவு. ஆனால் குறைவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இருக்கவில்லை. ஃபோக்ஸ்வேகன்காரர்கள் 110 பிஎஸ்ஸுக்குப் போதுமான பைப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விஷயம் தெளிவானது. பெரும்பாலான தடை கேஜுக்கு முன்னால் இருக்கிறது: டர்பைன் வாயிலிருந்து இறங்கும் குறுகிய வளைவிலும், அதை ஒட்டியே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் எதை மாற்றினாலும் இந்த எஞ்சினில் நான் வாங்குவது சத்தத்தைத்தான், பிக்கப்பை அல்ல. சத்தத்துக்காக மாற்றுவது தப்பில்லை. அதைப் பிக்கப் என்று பெயர் சொல்லி விற்பதும் வாங்குவதும்தான் தப்பு.

இந்த எஞ்சினில் ஹெடர், அதாவது சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் குழாய்த் தொகுதி, மாற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் எஞ்சின் சேர்ந்த இஏ211 குடும்பத்தில் அந்தத் தொகுதி (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) தனியாக இல்லை, சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருக்கிறார்கள், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. டர்போ நேராக ஹெட்டில் முடுக்கப்பட்டிருக்கிறது. மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கன்வெர்ட்டரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு நண்பர் தன் வண்டியில் அதை எடுத்துவிட்டு, டர்போவிலிருந்து இறங்கும் வெறும் குழாயை (டவுன்பைப்) போட்டார். டர்போ சீக்கிரம் எழுந்தது, உண்மைதான், ஓட்டிப் பார்த்தேன். காந்திபுரம் சிக்னலில் நின்றபோது அந்த நெடி உள்ளே வந்தது. கண் எரிந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு அம்மா, முன்னால் நின்றபடி ஒரு குழந்தை, எங்கள் புகைக்குப் பக்கத்திலேயே. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அதுவரை பிடித்து மாற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நாங்கள் அரை நொடி பிக்கப் வாங்கியிருந்தோம். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் வண்டியில் கன்வெர்ட்டரில் கை வைப்பதில்லை.

செல்களின் எண்ணிக்கையைக் குறைத்த ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். கம்பெனி வண்டிகளில் சதுர இன்ச்சுக்கு 400, 600 துளைகள் இருக்கும், இதில் 200. புகை எளிதாகப் போகும், சுத்தம் செய்யும் பரப்பும் குறையும். நல்ல தரத்தில் வாங்கினால் ஓரளவுக்கு வேலை செய்யும், மட்டமானது ஒரு வருடத்தில் செத்துவிடும். அப்போது பின்னால் இருக்கும் சென்சார் பார்த்துவிட்டு பி0420 என்ற குறியீட்டோடு விளக்கைப் போடும். விளக்கை அணைப்பதற்கு சென்சாரைத் தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர் விற்கிறார்கள், எஞ்சின் கணினியின் நிரலை மாற்றும் ரிமேப்பில் அந்தச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் வந்தவனிடம் தெர்மாமீட்டரை உடைப்பதற்கு அதில் என்ன வித்தியாசம்?

பிக்கப்தான் வேண்டும் என்றால் அது ரிமேப்பிலிருந்து வருகிறது, பைப்பு அதற்குத் துணை. என் எஞ்சினில் வேஸ்ட்கேட்டை ஒரு மின் மோட்டார் இயக்குகிறது. கணினி தனக்கு என்ன பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு மேல் போகாமல் வேஸ்ட்கேட்டைத் திறந்துவிடும். பின்னால் எவ்வளவு பெரிய பைப்பு வைத்தாலும், கணினி கேட்கிற பூஸ்ட்தான் கிடைக்கும். பழைய காலத்து வண்டிகளில், சின்ன வேஸ்ட்கேட்டோடு மிகத் திறந்த பைப்பைப் போட்டால், வேஸ்ட்கேட் முழுசாகத் திறந்தும் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போய் எஞ்சின் உடைந்ததும் உண்டு. ரிமேப் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்திருக்கும், அதே பூஸ்ட் கொடுக்க டர்போ கீழே சுற்றுவதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். கோயம்புத்தூரில் எல்லைக்குப் பக்கத்தில் வைத்த ட்யூன் கோத்தகிரி ஏறும்போது டர்போவைத் தன் வேகத்தைத் தாண்டி ஓடவைக்கும். மலை அடிவாரத்து ஊர்க்காரர்கள் நாம், ட்யூன் செய்கிறவரிடம் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆக்ஸிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கிற மாதிரி ட்யூன் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அந்த வெடிப்பு என்பது டர்பைனிலும் கன்வெர்ட்டரிலும் எரிகிற உங்கள் பெட்ரோல். கன்வெர்ட்டர் உருகும்.

நான் ரிமேப் செய்யவில்லை. எனக்குத் தேவையானது கொஞ்சம் குரல், அதுவும் நான் மிதிக்கும்போது மட்டும்.

கணபதி பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஒரு தம்பி இருக்கிறார். டெக்ஸ்டைல் மெஷின்களுக்கும் பால் டேங்குகளுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்கிறவர், கார் சைலென்சர் எப்போதாவதுதான். பால் டேங்கு செய்கிறவர் என்பதாலேயே அவரிடம் போனேன். என் பழைய பைப்பைப் பார்த்ததும் காந்தத்தை எடுத்தார். ஒட்டவில்லை. “ஒட்டாததனால 304ன்னு நெனச்சிருப்பீங்கண்ணா. 201ம் ஒட்டாது” என்றார். 304ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள், பாத்திரத்துக்குப் போதும், உப்பும் ஈரமும் சூடும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். சோதிக்கத் தனிக் கரைசல் இருக்கிறது, ஒரு சொட்டு விட்டால் நிறம் காட்டிவிடும். விட்டார், காட்டிவிட்டது. கம்பெனி சைலென்சரில் காந்தம் ஒட்டும், அது பெரும்பாலும் 409 வகை, மேல்துரு வரும், ஆனால் பல வருடம் நிற்கும். மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

304க்கும் ஒரு குணம் உண்டு, சூட்டில் 409ஐவிட அதிகமாக நீளும். இரண்டு மீட்டர் பைப்பு 400 டிகிரி சூடேறினால் 13, 14 மில்லிமீட்டர் நீண்டுவிடும், 409 என்றால் ஒன்பதுக்குள். அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கிக் கட்டினால் எங்காவது வெல்டிங் விரியும். கம்பெனி கொடுத்த, வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் குழாயை அப்படியே வைத்துக்கொள்வது, ரப்பர் ஹேங்கர்களை ஒரிஜினல் இடங்களிலேயே மாட்டுவது, பின் பம்பரில் பைப்பு நுனியைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி விடுவது, இதெல்லாம் தம்பி கேட்காமலேயே செய்தார். வளைவுகளை நசுங்காமல் வளைத்த துண்டுகளாக வாங்கி வந்தார். சாதாரணமாக வளைத்தால் வளைவின் உள்பக்கம் நசுங்கி, இரண்டே கால் இன்ச்சுக்குக் காசு கொடுத்து இரண்டு இன்ச்சுக்கும் குறைவாக வாங்கிய கதையாகிவிடும். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது பைப்புக்குள்ளேயும் ஆர்கான் விட்டார். உள்பக்கம் கருகி முருடு தட்டாமல் இருக்க அது வேண்டும். முதல் கடையில் அதைச் செய்திருக்கவில்லை.

மிச்சம் இருந்தது ரீங்காரம். இதற்கு ஒரு வழி, மெயின் பைப்பிலிருந்து ஒரு கிளைக் குழாயை எடுத்து நுனியை அடைத்துவிடுவது. அலை உள்ளே போய் மோதித் திரும்பி வரும்போது, வருகிற அலைக்கு நேர்மாறாக நின்று அதைத் தீர்த்துவிடும். அலைநீளத்தில் கால் பங்கு நீளம் வேண்டும். குழாய்க்குள் வாயு 150 டிகிரி இருந்தால் ஒலி நொடிக்கு 410 மீட்டர் சுமார் போகும், 60 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை 1.7 மீட்டர். போலோவுக்கு அடியில் 1.7 மீட்டர் குழாயை எங்கே சுருட்டி வைப்பது? தம்பியும் நானும் படுத்துப் பார்த்தோம், இடமில்லை.

இன்னொரு வழி கோலி சோடா பாட்டில். வாயில் உதட்டை வைத்து ஊதினால் ‘ஊ’ என்று ஒரே சுருதியில் வருமே, அந்தச் சுருதியை பாட்டிலின் வயிறும் கழுத்தும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பைப்பின் ஓரத்தில் அப்படி ஓர் அறையை வைத்தால், அது தன் சுருதியில் வருகிற ஒலியை மட்டும் பிடித்து விழுங்கிவிடும். இடம் குறைவாகப் போதும். ஒரிஜினல் பின் மஃப்ளர் இன்னொன்றை ஒரு பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வெட்டிப் பார்த்தோம். உள்ளே அதே தத்துவத்தில் அறை அறையாகத் தடுத்து வைத்திருந்தார்கள். எந்தச் சுற்றில் இந்த எஞ்சின் முனகும் என்று கணக்குப் பார்த்துச் செய்த பெட்டி அது. நான் அதைத்தான் எடுத்து எறிந்திருந்தேன்.

எனவே பின் மஃப்ளரை விட்டுவிட்டோம். நடுவில் இருந்த ரெசனேட்டரை (சத்தத்தைக் குறைக்கும் இன்னொரு சின்னப் பெட்டி) மட்டும் எடுத்து, அந்த இடத்தில் இரண்டே கால் இன்ச்சில், நார் அடைத்த நேர்வழி ரெசனேட்டர் ஒன்றை வைத்தோம். கன்வெர்ட்டர் ஒரிஜினல், பின்னால் இருக்கும் அறைப் பெட்டி ஒரிஜினல். ஐந்து மாதமும் முதல் பைப்புக்குக் கொடுத்த காசும் போய், கடைசியில் நான் மாற்றியது ஒன்றரை அடி.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இன்னும் இறுக்கமாக உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, சத்தத்துக்கும் புகைக்கும் உள்ள வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 என்று தனிப் பிரிவும் இருக்கிறது. கார்கள் கம்பெனியிலிருந்து வரும்போது 74 டெசிபலுக்குள் சோதிக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் மாற்று சைலென்சருக்கு 59ஆம் எண் விதிமுறையில் மாடல் வாரியாக ஒப்புதல் கொடுத்து முத்திரை குத்துகிறார்கள், வாங்குகிறவருக்குத் தெளிவு இருக்கிறது. அப்படியொரு முறை இங்கேயும் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, என் ஒன்றரை அடியைக்கூட ஒரு அதிகாரி நிறுத்திக் கேட்டால் நான் பதில் சொல்லத்தான் வேண்டும். ஒரிஜினல் ரெசனேட்டரைச் சாக்கில் சுற்றி பரணில் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு ஆத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். மூன்று இன்ச்சு இருந்த நாட்களில் காலை ஐந்து மணிக்கு நான் வண்டியை எடுத்தால் அவர் வீட்டு விளக்கு எரியும். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த விளக்கு எனக்குப் பல நாள் உறுத்தியது. புதிய பைப்பு மாட்டிய மறுநாள் காலை ஸ்டார்ட் செய்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டாகவே இருந்தது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்புகளை ஒருமுறை முடுக்கச் சொன்னார் தம்பி, சூட்டில் நீண்டு சுருங்கிப் பழகும் என்று. முடுக்கிவிட்டு வரும் வழியில் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டேன், பல்லடத்தில் ஒரு விசேஷம். சூலூர் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. மூன்றாவது கியரில் ஒருமுறை 5,000 வரை மிதித்தேன். அந்தக் கரகரப்பு அடியிலிருந்து எழுந்து வந்தது, கால் எடுத்ததும் அடங்கியது.

“இது தேவலையா?” என்றேன்.

“மோட்டாருக்கு ஏத்த பைப்பு” என்றார்.

ஆறாவதில் போட்டு, 2,400ல் நிறுத்தி, உள்கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வந்த லாரி ஒன்றாகவே தெரிந்தது. காரணம்பேட்டை வருவதற்குள் பெரியப்பா தூங்கியிருந்தார்.